‘அத எடு, இத வை’ என்றே பேசினால் பிள்ளைக்குச் சொல் எங்கிருந்து வரும்?

பேரனுக்கு 20 மாதம் ஆனபோது நாலு கலர் பேர் தெரியும். ரெட், புளூ, எல்லோ, கிரீன். போனில் பார்த்துப் படித்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவனை நிறுத்திச் சொல்லவைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் மத்தியானம் அடுப்படி வாசலில் நின்றுகொண்டு ஒரே அழுகை. பால் கொடுத்தால் தள்ளிவிடுகிறான். பிஸ்கட்டை வீசி எறிகிறான். தூக்கினால் முதுகை வளைத்துக்கொண்டு இறங்குகிறான். பக்கத்து வீட்டு அக்கா சத்தம் கேட்டு வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு வாயில் வைத்தார். மடக் மடக்கென்று குடித்து முடித்தான். நாலு கலர் சொல்கிற பிள்ளைக்குத் ‘தண்ணி’ என்று கேட்கத் தெரியவில்லை.

நான் கடலூரில் 26 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். அங்கே டீச்சர், வீட்டில் பேரனுக்கு ஆயா, அதாவது பாட்டி. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பேசவைத்தவள் வீட்டிலேயே இப்படியா என்று அன்றைக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதன்பிறகு அவனோடு செய்ததையும், மையத்தில் பார்த்ததையும் சேர்த்து, முதல் பிள்ளை பெற்றவர்களுக்காக எழுதுகிறேன். ஒன்று முதல் இரண்டரை வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தும். செலவு ஒன்றும் பெரிதாக இல்லை.

வாயைப் பார்ப்பதற்கு முன்னால் விரலைப் பாருங்கள்

ஒரு சொல் வாயில் வருவதற்குப் பல மாதம் முன்பே காதில் ஏறிவிடுகிறது. பத்து மாதப் பிள்ளையிடம் “ஃபேன் எங்க?” என்றால் அண்ணாந்து பார்க்கும். “டாட்டா காட்டு” என்றால் கையை ஆட்டும். இதெல்லாம் பேச்சுக் கணக்கில் சேர்ந்ததுதான். வாயால் வரும் முதல் சொல் பெரும்பாலும் முதல் பிறந்தநாளை ஒட்டி வரும். இரண்டு மூன்று மாதம் முன்னே பின்னே ஆனால் பயப்பட ஒன்றுமில்லை.

சொல்லுக்கு முந்தி வருவது விரல். காக்காயை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பி நம் முகத்தைப் பார்க்கிறதா? ‘நீயும் பாரேன்’ என்று அது சொல்கிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பத்துப் பருவம் வைத்தார்களே, அதில் சப்பாணி என்பது கைகொட்டுவது, அம்புலி என்பது நிலாவைக் காட்டி விளையாடக் கூப்பிடுவது. இன்றைக்குக் குழந்தை டாக்டரிடம் போனாலும் இந்த இரண்டையும்தான் கேட்கிறார்கள்: கை தட்டுகிறானா, எதையாவது காட்டுகிறானா?

ஆகவே முதல் வேலை, விரல் போகும் பக்கம் நாமும் பார்ப்பது. அது மாட்டைக் காட்டும்போது “இங்க பாரு, கார் பாரு” என்று இழுக்கக் கூடாது. அந்த நேரத்துக்கு மாடுதான். “மாடு! மாடு வந்துச்சு. ம்மா...” அவ்வளவு போதும்.

பேரைச் சொல்லுங்கள்

தமிழில் ஒரு வசதி இருக்கிறது. பொருளின் பேரைச் சொல்லாமலே நாள் முழுக்க ஓட்டிவிடலாம். “அத எடு.” “இங்க வை.” “அப்படியே போட்டுடு.” “வந்துடுச்சா?” பெரியவர்களுக்குள் எல்லாம் புரிந்துவிடும். தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு வயதுப் பிள்ளைக்கு இதில் செருப்பும் இல்லை, சீப்பும் இல்லை, சொம்பும் இல்லை.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு சாயங்காலம் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் வழக்கம்போலப் பிள்ளையோடு இருங்கள். பிறகு கேட்டுப்பாருங்கள். நான் கேட்டேன். எங்கள் வீட்டுப் பத்து நிமிஷத்தில் ‘அது’, ‘இது’, ‘அங்க’, ‘இங்க’ எண்ணி மாளவில்லை. ஒரு பொருளின் பேர் மூன்றே முறை வந்தது. அதில் ஒன்று ‘ஐயையோ, விளக்கமாறு’.

மாற்றுவது எளிது, நினைவு வைத்துக்கொள்வதுதான் கஷ்டம். “செருப்ப எடு. பாப்பா செருப்பு எங்க? இந்தா, செருப்பு.” ஒரே பேர் மூன்று முறை வந்துவிட்டது. இன்னொரு நுணுக்கம்: பிள்ளை கடைசியில் கேட்ட சொல்லைத்தான் சட்டென்று பிடிக்கும். தமிழில் கடைசியில் வருவது வினை. அதனால்தான் நிறையப் பிள்ளைகளுக்குப் ‘போச்சு’, ‘வா’, ‘தா’ எல்லாம் சீக்கிரம் வருகிறது. பேரும் வரவேண்டுமென்றால் அவ்வப்போது பேரைக் கடைசிக்குத் தள்ளுங்கள். “யாரு வந்தா? காக்கா!” “வந்துச்சு பாரு, பூனை.” நம் பேச்சில் இது இயல்பாகவே வரும்.

முதல் பதினைந்து நாளுக்கு எல்லாச் சொல்லையும் துரத்தவேண்டாம். உங்கள் பிள்ளை தினமும் எதற்கெல்லாம் அழுகிறதோ, எதையெல்லாம் கண்டு சிரிக்கிறதோ, அதிலிருந்து பத்துச் சொல் எடுங்கள். எங்கள் பட்டியல் இது: தண்ணி, பால், பந்து, காக்கா, ஆயா, வா, தா, தூக்கு, இன்னும், வேணாம். கடைசிச் சொல்லைப் பார்த்து மகன் சிரித்தான், “இத வேற கத்துக்கணுமா?” என்று. ‘வேணாம்’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளை தட்டைத் தூக்கி எறிவது குறைகிறது. மையத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள்

இந்த முழுக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்யமுடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

டம்ளரைக் கையில் எடுக்கிறேன். பேரன் பார்க்கிறான். “தண்ணி” என்கிறேன். அதோடு வாயை மூடிக்கொள்கிறேன். டம்ளரை மறைக்கவில்லை, நீட்டவும் இல்லை. அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து வரை எண்ணுகிறேன். ஐந்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும். நாக்கு துருதுருவென்று இருக்கும். முதல் நாள் அவன் டம்ளரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கையை நீட்டினான். “தண்ணி வேணுமா? இந்தா, தண்ணி.” கொடுத்துவிட்டேன். நாலாவது நாள் ‘ம்’ என்றான். கொடுத்தேன். பதினோராவது நாள் ‘ண்ணி’ என்றான். எனக்குக் கை நடுங்கிப் பாதித் தண்ணீர் கீழே கொட்டிவிட்டது.

கவனிக்கவேண்டியது, ஐந்து எண்ணியும் ஒன்றும் வரவில்லையென்றால் கொடுத்துவிட வேண்டும். ‘சொன்னால்தான் தருவேன்’ என்று பிடிவாதம் பிடித்தால் பிள்ளை அழக் கற்றுக்கொள்ளும், பேசக் கற்றுக்கொள்ளாது.

பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்குப் பேச்சு குறைவாக இருப்பதில்லை, இடைவெளிதான் இல்லை. கேள்வி கேட்பதும் நாம், பதில் சொல்வதும் நாம். “பாப்பாவுக்குப் பசிக்குதா? ஆமா பசிக்குது. மம்மு சாப்பிடலாமா? சாப்பிடலாம் சாப்பிடலாம்.” பாவம், அது எப்போது வாயைத் திறக்கும்?

பிள்ளை ‘ண்ணி’ என்று சொன்னதும் “அப்படி இல்ல, தண்ணின்னு சொல்லு” என்று திருத்தாதீர்கள். “ஆமா, தண்ணி! சில்லுனு தண்ணி” என்று ஒரு சொல் கூட்டித் திருப்பிக் கொடுங்கள். ர, ள, ழ எல்லாம் நிதானமாக வரும் ஒலிகள். ழகரம் பெரியவர்களிலேயே பலருக்கு வருவதில்லை.

மறந்தும் செய்யக்கூடாதது நான் செய்தது. சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பத்துப் பேர் நடுவே பேரனை நிறுத்தி “தண்ணி சொல்லு, மாமாவுக்குச் சொல்லிக் காட்டு” என்றேன். முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அடுத்த நாலு நாள் வீட்டிலும் அந்தச் சொல் வரவில்லை.

விளையாட்டு: பருப்புக் கடைவோம்

பொம்மைக் கடைக்கு ஓடவேண்டாம். பட்டனைத் தட்டினால் பாடுகிற பொம்மை இருக்கிறதே, அது பேசுகிறபோது பிள்ளை வாய் மூடியிருக்கும், பெரியவர்களும் வாய் மூடியிருப்பார்கள்.

நம் ஆயாக்கள் ஆடிய பருப்புக் கடையும் விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் உள்ளங்கையை விரித்து, உங்கள் விரலாலோ முழங்கையாலோ வட்டமாகக் கடைகிறீர்கள். பிறகு அதன் விரலை ஒவ்வொன்றாக மடக்கி, இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு, இது தாத்தாவுக்கு, இது பாப்பாவுக்கு என்று பங்கு வைக்கிறீர்கள். அதன்பின் இரண்டு விரல் கையேறி வருகிறது, நண்டு ஊருது, நரி ஊருது என்று. மணிக்கட்டு, முழங்கை, தோள். அக்குளில் கிச்சுக்கிச்சு.

இதில் வீட்டு ஆட்களின் பேர் வருகிறது, ஒரே வரிசையில் தினமும் வருகிறது, பிள்ளைக்கு அடுத்தது என்ன என்று தெரிந்துவிடுகிறது. அது தெரிந்த பிறகுதான் வித்தை. தோள் வரைக்கும் நண்டை ஏற்றிவிட்டு நிறுத்துங்கள். விரலை அசைக்காதீர்கள். பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு உங்களைப் பார்க்கும். தோளைக் குறுக்கும். ஏதாவது ஒரு சத்தம் போடும், ‘ஈ’ என்றோ ‘ண்டு’ என்றோ. உடனே கிச்சுக்கிச்சு. தான் சத்தம் போட்டால் உலகத்தில் ஏதோ நடக்கிறது என்று அதற்குப் பிடிபடுகிறது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துண்டால் முகத்தை மூடி “காணோம்... இதோ!” மூடி உள்ள டப்பாவுக்குள் கரண்டியைப் போட்டு “தொற”, “மூடு”. சோப்புத் தண்ணீரில் முட்டை ஊதி நிறுத்தி “இன்னும்?” மாடிப்படியில் பந்தை உருட்டி “தொப், தொப், போச்சு!” ஒலிச்சொல்லைக் குறைவாக நினைக்காதீர்கள். கா கா, ம்மே, டிங் டிங், சோ, தொப் எல்லாமே சொல்தான், எண்ணிக்கையில் சேரும். நாக்குக்கும் சுலபம்.

புளியங்கொட்டை, காசு, பட்டன் பேட்டரி, ஊதி உடைந்த பலூன் துண்டு இவற்றை மட்டும் பக்கத்தில் விடாதீர்கள். தொண்டையில் சிக்கும். பேட்டரி உள்ளே போனால் உணவுக்குழாயையே பொத்துவிடும்.

மம்மு, பாச்சி சொல்லலாமா?

சொல்லலாம். மம்மு, பாச்சி, தாச்சி, உவ்வா, எல்லாம் உதட்டிலும் நாக்கு நுனியிலும் பிறக்கிற ஒலிகள். இரண்டே அசை. பிள்ளை வாய்க்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்தவை. ஆனால் இது ஏறிப்போக ஒரு ஏணி, ஏணியிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. “மம்மு சாப்பிடலாம் வா, சூடா சோறு” என்று பக்கத்திலேயே பெரிய சொல்லையும் வையுங்கள்.

ஒரு சொல்லை எல்லாவற்றுக்கும் சொன்னாலும் கவலைப்படாதீர்கள். நாலு கால் உள்ளதெல்லாம் ‘பௌ பௌ’ என்று சொல்லும் காலம் ஒன்று உண்டு. புதுச்சேரியில் இருக்கும் மகளின் மூத்த பெண்ணுக்கு முதல் சொல் ‘ஆனை’. சாயங்காலமானால் மணக்குள விநாயகர் கோயில் வாசலில் கோயில் யானை லட்சுமியைப் பார்க்கக் கூட்டிப்போவார்கள். கொஞ்ச நாளைக்குப் பெரிதாக இருந்ததெல்லாம் அவளுக்கு ஆனைதான், தண்ணி லாரி உட்பட. “ஆமா, பெருசு! இது லாரி” என்று சொல்லச் சொல்லத் தானே பிரிந்தது. 2022 நவம்பர் 30 அன்று லட்சுமி இறந்துபோனது. போட்டோ மட்டும் அவள் ஆல்பத்தில் இருக்கிறது.

புத்தகம்: படிக்காதீர்கள், பேசுங்கள்

ஆல்பம் என்றேனே, ஒன்றரை வயதுக்கு அதைவிட நல்ல முதல் புத்தகம் கிடையாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள் பத்து எடுங்கள். ஒரே அளவில் வெட்டி, மூலையை வளைவாகக் கத்தரியுங்கள், கண்ணில் குத்தாமல் இருக்க. பக்கத்துக்கு ஒரே ஒரு படம் ஒட்டுங்கள். அப்பா, ஆயா, வீட்டு பைக், அதன் சொந்த டம்ளர், தெரு நாய், பால் பாக்கெட். கடலூர் என்றால் ஆவின், புதுச்சேரி என்றால் பாண்லே, எது உங்கள் வாசலுக்கு வருகிறதோ அது. மேலே அகல செல்லோடேப் ஒட்டிவிட்டால் எச்சில் பட்டாலும் துடைக்கலாம். இரண்டு ஓட்டை போட்டுச் சணலால் தளர்வாகக் கட்டுங்கள், இறுக்கினால் திருப்ப வராது. சணல் நுனி நீளமாகத் தொங்கக் கூடாது. யானை, சிங்கமெல்லாம் அடுத்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைப் புத்தகம் வாங்கினால் கெட்டி அட்டையில் வருவதாகப் பாருங்கள். கடிக்கும், அது அதன் உரிமை. நம் மொழியில் இன்னொரு சிக்கல், அச்சில் ‘நாய் ஓடுகிறது’ என்று இருக்கும், வீட்டில் நாய் ‘ஓடுது’. இந்த வயதில் அச்சிட்டதை வரிவரியாக வாசிக்கவேண்டியதில்லை. படத்தைப் பார்த்து வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள். “நாய் ஓடுது. ஐயோ, எங்க ஓடுது?” மூன்று வயது தாண்டினால் எழுத்துத் தமிழைத் தானே ரசிக்கும்.

மடியில் வைத்துக்கொள்வதைவிட எதிரே உட்கார்த்துவது சில நாளைக்கு நல்லது, உங்கள் வாயைப் பார்க்கட்டும். பக்கத்தை அது திருப்பட்டும். மூன்று பக்கம் தாண்டி ஓடிப்போனால் முடிந்தது, இழுத்து உட்காரவைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம் இரண்டு முறை தாராளம். ஒரே புத்தகத்தை நாற்பதாவது முறை கொண்டுவரும்போது நமக்குத்தான் சலிக்கும். அதற்கு அந்த நாற்பது தேவைப்படுகிறது. நன்றாகப் பழகிய புத்தகத்தில் பாதியில் நிறுத்துங்கள், “பூனை குடிக்குது...” என்று. அந்த ஐந்து எண்ணிக்கையை இங்கேயும் எண்ணுங்கள்.

‘இது என்ன? அது என்ன?’ என்று பரீட்சை வைப்பதைக் குறையுங்கள். நாலு முறை நீங்கள் சொன்னால் ஒருமுறை கேட்கலாம்.

புத்தகத்துக்கு: கடலூரில் மாவட்ட மைய நூலகத்தில் சிறுவர் பிரிவைக் கேளுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது. சொந்தமாக வாங்க, தூலிகா வெளியிடும் தமிழ்ப் படப் புத்தகங்கள் நன்றாக இருக்கும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம். போனில் காட்டாமல் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுவிடுங்கள்.

போன், இரண்டு மொழி, வசம்பு

போனைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்பதில்லை, நாங்களும் கேட்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், 2 வயதானால் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் 2 வயதுக்குள் சொந்தக்காரர்களோடு வீடியோ கால் பேசுவதை மட்டும் விட்டுவைக்கிறது. காரணம் எளிது. பிள்ளை எதைப் பார்க்கிறது என்று போன் பார்ப்பதில்லை, அது ‘ம்’ சொன்னால் நிறுத்திப் பதில் சொல்வதும் இல்லை. எங்கள் வீட்டில் சோறு ஊட்டும்போது போன் கிடையாது என்பதை மட்டும் முதலில் பிடித்தோம். முதல் மூன்று நாள் நரகம். பிறகு ஜன்னலில் அணில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

புதுச்சேரிப் பக்கம் அம்மா தெலுங்கு, அப்பா தமிழ், பிரான்சில் இருந்து வருகிற தாத்தா பிரெஞ்சு என்று வீடுகள் உண்டு. இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சு தள்ளிப்போவதில்லை. அவரவர்க்கு எது சரளமோ அதில் பேசுங்கள். பிள்ளை தமிழில் ஆறு, தெலுங்கில் ஐந்து சொன்னால் பதினொன்று என்று கணக்கு வையுங்கள். இங்கிலீஷ் ஸ்கூலில் சேர்க்கப்போகிறோம் என்று வீட்டில் உடைந்த இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு எந்த மொழியும் முழுசாகக் கிடைக்காது.

நாக்கில் வசம்பு உரைத்துத் தடவினால் பேச்சு வரும், தேன் தொட்டுவைத்தால் வரும் என்பார்கள். பிள்ளை வளர்ப்பான் என்று நம் ஊரில் வசம்புக்குப் பேரே உண்டு, அதனால் சண்டை போடாமல் சமாளிப்பது கஷ்டம்தான். ஆனாலும் வேண்டாம். அமெரிக்காவில் 1968 முதல் உணவில் வசம்பு சேர்க்கத் தடை இருக்கிறது. ஒரு வயதுக்குள் தேன் நஞ்சாகவே மாறலாம், பாட்டுலிசம் என்ற ஆபத்தான நோய் வரலாம்.

எப்போது டாக்டரிடம் போவது

‘அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்’ என்று ஒரு வருஷத்தை விட்டுவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 12 மாதத்தில் பேரைக் கூப்பிட்டால் திரும்பவில்லை, மழலைச் சத்தமே இல்லை. ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டுவதே இல்லை, ஒரு சொல்லும் இல்லை. 2 வயதில் ‘பால் தா’ போல இரண்டு சொல் சேரவில்லை. இதில் எது இருந்தாலும் காட்டிவிடுங்கள். சொன்ன சொல்லை மறந்து நிறுத்திவிட்டால் எந்த வயதானாலும் தள்ளிப்போடாதீர்கள்.

முதலில் பார்க்கவேண்டியது காது. கதவு சத்தத்துக்குத் திரும்புகிறான், அதனால் காது நன்றாக இருக்கிறது என்று வீட்டிலேயே முடிவு கட்டவேண்டாம். சில ஒலி கேட்டுச் சில ஒலி கேட்காமல் இருக்கலாம். அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தாலும் கேட்பது மங்கும். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தில் 2013 முதல் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வருகிறது. தேதியை டீச்சரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அரசு தலைமை மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போய் டி.இ.ஐ.சி. என்று கேட்டால், வளர்ச்சி தாமதமாகும் பிள்ளைகளுக்கான மையத்துக்கு வழிகாட்டுவார்கள். கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் உண்டு. அங்கே காது மூக்குத் தொண்டைப் பிரிவில் காட்டவேண்டும். காலையில் சீக்கிரம் கிளம்புங்கள், பிள்ளைக்குச் சாப்பாடு கையில் இருக்கட்டும். அந்தப் பத்துச் சொல் பட்டியலையும் எடுத்துப் போங்கள், எது வருகிறது எது வரவில்லை என்று சொல்ல வசதியாக இருக்கும்.

எங்கள் பேரனுக்குக் காது நன்றாகவே இருந்தது. 23 மாதம் முடிகிற சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப்போனோம். ஈர மணலில் ஒரு குட்டி நண்டு ஓடி ஓட்டைக்குள் புகுந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, ஐந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் குனிந்து ஓட்டையைப் பார்த்தான். பிறகு மணல் ஒட்டிய இரண்டு விரலை என் மணிக்கட்டில் வைத்து மெதுவாக மேலே ஏற்றினான். முழங்கையில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான்.

“ண்டு போச்சு” என்றான்.